கேஜுக்கும் டெல்-டேலுக்கும் தமிழ்: மானியா, காட்டியா, வெறும் விளக்கா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். லாரி ஓட்டுநர் கையேட்டைத் தமிழாக்கும் நண்பர் கேட்டது ரெண்டே சொல். டேஷ்போர்டில் முள்ளோடு இருக்கும் 'கேஜ்' ஒன்று, எரிந்து அணையும் 'டெல்-டேல்' இன்னொன்று. இதுவரை வந்தவை:

> கேஜ்: அளவி, அளவுமானி, கணிச்சி
> டெல்-டேல்: எச்சரிக்கை விளக்கு, குறிவிளக்கு, ஒளிக்குறி, கோள்சொல்லி

கோள்சொல்லியை அனுப்பியவருக்கு ஒரு சபாஷ். ஆங்கிலச் சொல்லின் நேர்பொருள் அதுதான், சிரிப்பும் வந்தது. ஆனால் கையேட்டில் 'சிவப்புக் கோள்சொல்லி எரிந்தால்' என்று அச்சாகி வந்தால், படிக்கிறவர் செவ்வாய் தோஷம் பற்றிய பக்கமோ என்று புரட்டிவிடுவார்.

எனக்கு இதில் ஒரு சின்ன உரிமை உண்டு. அப்பா நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். என் பள்ளி விடுமுறைகள் முழுக்க அங்கேதான். அங்கே யாரும் கேஜ் என்று சொல்லிக் கேட்டதே அபூர்வம். 'முள்' என்பார்கள். "ஏர் முள் ஏறுச்சா?", "ஹீட் முள் எங்க நிக்குது?" அவ்வளவுதான்.

காலையில் லாரியை ஸ்டார்ட் செய்ததும் எடுத்துவிட முடியாது. ராத்திரி நின்றதில் பிரேக்குக்கான ஏர் டேங்கில் காற்று இறங்கியிருக்கும். பஸ்ஸர் விடாமல் கத்தும். ஓட்டுநர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முள் மெதுவாக ஏறும், நடுவில் எங்கோ பஸ்ஸர் ஓய்ந்துவிடும். சில நாள் பஸ்ஸர் ஓய்ந்த பிறகும் வண்டி நகராது. மனிதர் இறங்கி, வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்து, எங்கேயாவது 'உஸ்' என்று கேட்கிறதா என்று தேடுவார். பஸ்ஸரைக் கேட்டால் காற்று போதும் என்று சொல்லிவிட்டது. 'இன்னிக்கு ஏன் இவ்வளவு நேரம்?' என்று அவரைக் கேட்க வைத்தது முள்.

இந்த வேறுபாடு நம் சொல்லில் வர வேண்டும் என்பதுதான் என் வாதம். ஒன்று எவ்வளவு என்று சொல்கிறது. மற்றது ஆமா, இல்லை என்று மட்டும் சொல்கிறது. முள்ளா விளக்கா என்பது அதற்குப் போட்ட சட்டை.

அளவு சொல்லும் கருவிதான் மூத்தது. 1910களில் ரேடியேட்டர் மூடியின் தலையிலேயே வெப்பமானியைச் செருகி, சீட்டில் இருந்தபடி கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். அதன் பெயர் மோட்டோமீட்டர். ஆயில் பிரஷருக்கும் ஜெனரேட்டருக்கும் முள்ளை எடுத்துவிட்டு விளக்கைப் போட்டது அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம், 1930களின் நடுவில். அது பரவப் பரவ, அங்கே வண்டிப் பிரியர்கள் அதற்கு 'இடியட் லைட்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இதை 'முட்டாள் விளக்கு' என்று போடலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். ராத்திரி ரெண்டு மணிக்குக் கிருஷ்ணகிரி ஏற்றத்தில் லோடோடு போகிறவரைக் கையேடு திட்டக் கூடாது.

தவிர, அந்த விளக்கு முட்டாளுக்கானதும் அல்ல. யாரும் சாலையை விட்டுவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டுவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே பெரிசு. இருட்டில் சிவப்பாக ஒன்று எரிந்தால் கண் தானாகப் போகும். முள்ளை வம்படியாக ஆதரிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இன்னொன்றையும் மறக்கிறார்கள்: ஹோஸ் வெடித்து ரேடியேட்டர் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால், சூட்டை அறியும் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும். அப்போது எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் சாதுவாகக் கீழே இறங்கலாம்.

விளக்கின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆயில் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எரியவைக்கும் சுவிட்ச் பல எஞ்சின்களில் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை அழுத்தம் இறங்கினால்தான் விழித்துக்கொள்ளும். நெடுஞ்சாலை வேகத்தில் 3, 4 பார் இருக்க வேண்டிய இடம் அது. 4 இரண்டாகி, இரண்டு ஒன்றாகிறவரை விளக்கு வாயே திறக்காது. எரியும்போது பேரிங்குகளில் ஆயில் படலம் அறுந்துகொண்டிருக்கும். என் மாமா பையன் காரில் இதுதான் நடந்தது. சர்வீஸ் செய்த இடத்தில் ஆயில் ஃபில்டரைச் சரியாக இறுக்கவில்லை. உளுந்தூர்பேட்டை தாண்டி விளக்கு எரிந்தது. 'ஆயில் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அடுத்த பங்க்கில் ஊத்திக்கலாம்' என்று நாலு கிலோமீட்டர் ஓட்டினான். எஞ்சின் அப்படியே பிடித்துக்கொண்டது. அந்த விளக்கில் இருக்கும் எண்ணெய்க் கிண்டி படத்தைப் பார்க்கிற யாருக்கும் ஆயில் அளவு என்றுதான் தோன்றும். அது சொல்வது அழுத்தத்தை. உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்து என்பதுதான் அதன் ஒரே அர்த்தம்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

'எச்சரிக்கை விளக்கு' பொதுப்பெயராக நிற்காது. ஹைபீம் போட்டால் நீலமாக எரிவது எதையும் எச்சரிக்கவில்லை. திரும்பும்போது எரியும் பச்சை அம்புக்குறியும் அப்படித்தான். சில கார்களில் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று காட்டவே ஒரு நீல விளக்கு உண்டு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் எச்சரிக்கை விளக்கு என்று தாராளமாகச் சொல்லலாம், மொத்தக் கூட்டத்துக்கும் சொல்ல முடியாது.

'ஒளிக்குறி' அழகான சொல். நானே முதலில் அதன் பக்கம்தான் சாய்ந்தேன். இடித்தது பெட்ரோல் ரிசர்வ். பழைய பைக்குகளில் முள்ளும் கிடையாது, விளக்கும் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி இருமும், கையைக் கீழே விட்டு குழாயை ரிசர்வுக்குத் திருப்புவோம். டேங்க் இந்த மட்டத்துக்கு இறங்கிவிட்டது என்று அந்த இருமல் சொல்கிறது. ஒளி எங்கே? பஸ்ஸரிலும் ஒளி இல்லை.

ஆங்கிலத்திலேயே குழப்பம் உண்டு. அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி 101-இல் அளவைக் காட்டுவதற்குப் பெயர் 'இண்டிகேட்டர்', ஒளிர்ந்து நிலையைச் சொல்வதற்குப் பெயர் 'டெல்-டேல்'. நம்மூரில் இண்டிகேட்டர் என்றால் திரும்பும்போது போடுவது. இந்தியாவின் ஏஐஎஸ் 071 தரமும் இதே வகைச் சின்னங்களைப் பற்றியதுதான் என்பதால், மொழிபெயர்ப்பாளருக்கு இந்தச் சிக்கல் திரும்பத் திரும்ப வரும்.

கேஜுக்கு என் ஓட்டு 'மானி'. வெப்பமானி, அழுத்தமானி, மழைமானி என்று பள்ளியிலேயே பழகிவிட்டோம். 'அளவி'யும் நல்ல சொல்தான். ஆனால் திருகு அளவி, வெர்னியர் அளவி என்று அது கையில் பிடித்து அளக்கிற கருவிகளோடு ஒட்டிக்கொண்டது. தானே அளந்து காட்டிக்கொண்டிருப்பதற்கு மானிதான் பொருந்துகிறது. எரிபொருள் மானி, காற்றழுத்த மானி, சூட்டுமானி. வழக்கில் முள் இருக்கவே இருக்கிறது. கையேட்டில் ஒரு முறை 'மானியின் முள்' என்று எழுதிவிட்டால் ஓட்டுநருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

டெல்-டேலுக்கு 'நிலைகாட்டி'. ஏன் காட்டி? ரயில் சிக்னலுக்கு நம் ஆட்கள் எந்தக் குழுவிலும் விவாதிக்காமல் 'கைகாட்டி' என்று பெயர் வைத்தார்கள். கை நீட்டியிருந்தால் நில், இறங்கியிருந்தால் போ. ரயில் எத்தனை மைலில் வருகிறது என்றெல்லாம் அது சொல்லாது. மானி அளவு சொல்லும், காட்டி நிலை சொல்லும் என்று வைத்துக்கொண்டால் சட்டை எதுவானாலும் பெயர் மாறாது. திசைகாட்டியில் முள்ளும் பாகையும் இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள், எல்லா விதிக்கும் ஒரு திசைகாட்டி உண்டு.

சட்டையை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு சாட்சி. இன்றைய பல கார்களில் சூட்டு முள், தண்ணீர் 75 டிகிரியில் இருந்தாலும் 105-இல் இருந்தாலும் சரியாக நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஏற்றத்தில் முள் கொஞ்சம் அசைந்தாலே வாடிக்கையாளர் பயந்துபோய் சர்வீசுக்கு வந்து நின்றதுதான் காரணம். மாஸ்டா மியாட்டா காரில் உண்மையான ஆயில் பிரஷர் முள் இருந்தது. 1995-இல் அதை மாற்றி, சுவிட்ச் சொன்னால் நடுவில் நிற்கிற, சுவிட்ச் அணைந்தால் விழுகிற முள்ளைப் போட்டார்கள். பார்வைக்கு மானி. வேலை விளக்கின் வேலை. இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'பொய்மானி'. சேலம்–நாமக்கல் சாலையில் போனவர்களுக்குப் பொய்மான் கரடு தெரியும். தூரத்தில் இருந்து பார்த்தால் பாறை இடுக்கில் மான் நிற்கும், கிட்டே போனால் இருக்காது.

மெய்யான மானிக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறவர்கள் பழைய புல்லட் வைத்திருப்பவரைக் கேளுங்கள். ஹெட்லைட்டுக்கு மேலே சின்னதாக அம்மீட்டர் இருக்கும். பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க வைத்தது. ஆனால் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் கிக்கர் அடிப்பார்கள். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அமுக்கிக்கொண்டே வந்தால், இடதுபக்கம் சாய்ந்திருந்த முள் ஓரிடத்தில் நடுவுக்கு வரும். பாயிண்ட் (ஸ்பார்க்குக்கான தொடுமுனை) திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியருகே வந்துவிட்டது என்று பொருள். டீகம்ப்ரஷரை (சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடும் பிடி) பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி, பிடியை விட்டு, ஓங்கி ஒரு உதை. இல்லாவிட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் காலி. அம்மீட்டரை வைத்தவர் இந்த வேலைக்காக வைத்திருக்க மாட்டார்.

கருத்துச் சொல்லுங்கள்.
— நாமக்கல்லிலிருந்து

* * *

வணக்கம்.

கணிச்சியை அனுப்பியது நான்தான். எங்கட பள்ளிப் பாடத்தில் 'நுண்மானித் திருகுக்கணிச்சி' என்று படித்த பழக்கம். பழைய இலக்கியத்தில் கணிச்சி என்றால் மழு, அதனால் டேஷ்போர்டுக்கு வேண்டாம், மீளப் பெறுகிறேன். யாழ்ப்பாணத்துக் கராஜில் எப்படியும் 'மீற்றர்' தான். மானிக்கு முழுச் சம்மதம், நீங்கள் அழுத்தமானி என்பதை நாங்கள் அமுக்கமானி என்போம், அவ்வளவுதான்.

நிலைகாட்டியில் ஒரு பிழை தெரிகிறது. 'எண்ணெய் நிலைகாட்டி' என்று எழுதினால் எண்ணெய் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டுவது போலல்லவா வாசிப்பார்கள்? உங்கள் மாமா மகன் செய்த அதே பிழையை நாங்களே சொல்லுக்குள் வைத்துக் கொடுக்கிறோம்.

* * *

அண்ணா, நான்தான் கையேட்டுக்காரன். பெரியவர் சொன்ன சிக்கல் எனக்கு நேற்றே வந்துவிட்டது. எழுதிய வரி இது:

> எண்ணெய் நிலைகாட்டி எரிந்தால் வண்டியை நிறுத்தவும்.

பக்கத்தில் இருந்த ஓட்டுநரிடம் படித்துக் காட்டினேன். "ஆயில் ஊத்திட்டுப் போலாம்ல?" என்றார். அப்புறம், கையேட்டில் 34 விளக்குகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால் நிலைகாட்டி என்று ஒட்டினால் பட்டியல் கல்வெட்டு மாதிரி ஆகிவிடுகிறது.

* * *

இருவருக்கும் நன்றி. தோற்றேன், பாதி.

அந்த ஓட்டுநர் சொன்னதற்கு மேல் எனக்கு ஆதாரம் வேண்டாம். அப்படியானால் இப்படிச் செய்யலாம். நிலைகாட்டி என்பதை அத்தியாயத் தலைப்புக்கும், வகைப்பெயர் தேவைப்படும் இடத்துக்கும் மட்டும் வையுங்கள். தனித்தனி விளக்குக்கு, அது எந்த நிலையைச் சொல்கிறதோ அதையே பெயராக்குங்கள்: 'எண்ணெய் அழுத்தக் குறைவு விளக்கு', 'எஞ்சின் அதிகச் சூடு விளக்கு', 'காற்றழுத்தக் குறைவு விளக்கு', 'ஹைபீம் விளக்கு'. அழுத்தம் என்ற சொல் உள்ளே வந்ததும் அளவா அழுத்தமா என்ற சந்தேகமும் போய்விடுகிறது. டிப்ஸ்டிக்கை விளக்கும் பக்கத்தில் 'எண்ணெய் மட்டம்' என்று எழுதுங்கள், 'நிலை' அந்தப் பக்கம் வரவே வேண்டாம். உங்கள் வரியை நான் இப்படி எழுதுவேன்:

> எண்ணெய் அழுத்தக் குறைவு விளக்கு ஓடும்போது எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்கவும். எண்ணெய் ஊற்றினாலும் விளக்கு அணையாவிட்டால் வண்டியை ஓட்ட வேண்டாம்.

சாவி போட்டதும் அதே விளக்கு எரிந்து, எஞ்சின் கிளம்பியதும் அணைவது சரியான நடத்தை என்பதையும் ஒரு வரி சேருங்கள். சாவி போட்டும் எரியாவிட்டால்தான் பல்போ ஒயரோ போயிருக்கிறது. அன்றைக்கு அழுத்தம் இறங்கினாலும் சொல்ல ஆள் இல்லை.

பொய்மானியைக் கையேட்டில் போடாதீர்கள், கம்பெனிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த ஓட்டுநரிடம் மட்டும் சொல்லிப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.