இறைச்சிக்கடை பெடியனுக்கு கை கிழிஞ்சிட்டு, என்ன கிளவ்ஸ் வாங்கலாம்?

மூன்றாம் கட்டை:
வணக்கம் எல்லாருக்கும். மாமாட இறைச்சிக்கடைய போன வருசம் நான் பொறுப்பெடுத்தன், திருகோணமலை டவுன் பக்கம் தான், ஆடு, மாடு, கோழி மூண்டும் போகுது, என்னோட மூண்டு பேர் நிக்கினம். போன சனிக்கிழமை கடைல சனம் நிறைஞ்ச நேரம், சின்னவன் ஆட்டுத் தொடைல எலும்பு கழட்டிக்கொண்டு நிக்கேக்க கத்தி எலும்பில பட்டு வழுக்கி இடது உள்ளங்கைல இறங்கிட்டு. பெருவிரலடில ஏழு தையல். நரம்பு மயிரிழைல தப்பினது எண்டு டொக்டர் சொன்னவர். அவன்ட அம்மா கடை வாசல்ல வந்து ஒண்டும் பேசாம என்னைப் பாத்துக்கொண்டு நிண்டா, அதுக்கு ஏசியிருக்கலாம்.

இப்ப ஒன்லைன்ல தேடினா தலை சுத்துது. சாம்பல் நிறத் துணி கிளவ்ஸ் ஒண்டு, கட் லெவல் 5 எண்டு போட்டு மலிவா கிடக்கு. இரும்பு வளையம் கோத்தது ஒண்டு, விலை அதைவிட எத்தனையோ மடங்கு. எது சரி? ஏப்ரனும் இரும்பில வேணுமோ? காலுக்கு மூண்டு பேரும் பாட்டா செருப்பு தான். இன்னொண்டு, எலும்பு அறுக்கிற பேண்ட் சோ மிஷின் ஒண்டு செக்கன்ட் ஹேண்ட்ல வருது, அதுக்கும் இந்தக் கிளவ்ஸே போதும் தானே? ஹஜ் பெருநாள் வேலை தொடங்க முதல் எல்லாம் எடுத்து வைக்கோணும். தகரத்துக்குக் கீழ பன்னிரண்டு மணிக்கு நிக்கிறம், அதையும் யோசிச்சுச் சொல்லுங்கோ.

கிண்ணியா நானா:
தம்பி, நான் கட்டார்ல 11 வருசம் எலும்பு கழட்டின ஆள், இப்ப ஊரோட தான். முதல்ல ஒண்டு சொல்றன், இடது கைல பட்டது தற்செயல் இல்ல. கத்தி பிடிக்காத கை தான் அடி வாங்கும், இறைச்சியப் பிடிச்சி இழுக்கிறது அந்தக் கை தானே. அதால ஆளுக்கு ஒத்தைக் கிளவ்ஸ் போதும், ஜோடியா வாங்கி சல்லிய வீணாக்காதீங்க.

அந்தத் துணிக் கிளவ்ஸ்ல 5 எண்டு போட்டிரிக்கிறது பழைய கணக்கு. நல்லதெண்டா கேடயத்துக்குள்ள சுத்தியல் மாதிரி ஒரு படமும் இ.என். 388 எண்டு ஐரோப்பியத் தர நம்பரும் இரிக்கும், கீழ நாலு நம்பர், பிறகு ஒரு எழுத்து. ரெண்டாவது நம்பர் தான் அந்த 5. 2016ல இருந்து ஏ தொடக்கம் எஃப் வரைக்கும் எழுத்து வந்தது, அதைப் பாத்து வாங்கணும், டி எண்டா 15 நியூட்டன் வெட்டு விசை தாங்கும், எஃப் எண்டா 30. படமும் இல்ல எழுத்தும் இல்ல, சும்மா 5 மட்டும் எண்டா வெச்சிட்டு வந்திடுங்க.

ஆனா உங்கட பெடியனுக்கு நடந்தது வெட்டு இல்ல, குத்து. துணிக் கிளவ்ஸ் கத்தி வாய் இழுபடேக்க தான் தாங்கும். நாலாவது நம்பர் குத்துக்கு எண்டு சொல்லுவாங்க, அதைச் சோதிக்கிறது ஆணி மாதிரி தடிச்ச ஒண்டால, எலும்பு கழட்டுற கத்திட நுனியால இல்ல. நூல் பின்னல் தானே, நுனி நூலை விலக்கிட்டு உள்ள போயிடும். அதால எலும்பு கழட்டுறவனுக்கு ஸ்டீல் வளையக் கிளவ்ஸ் தான், பெட்டில இ.என். 1082 இல்லாட்டி ஐ.எஸ்.ஓ. 13999 இரிக்கான்னு பாருங்க. கோழி வெட்டுறவனுக்குத் துணி போதும், மேலால மெல்லிய நைட்ரில் ரப்பர் கிளவ்ஸ் ஒண்டு போட்டா கொழுப்பு ஊறாது.

ஸ்டீல் எண்டா சைஸ் தான் எல்லாம். மணிக்கட்டுப் பட்டிட நிறம் பாருங்க, பொதுவா வெள்ளை சின்னது, சிவப்பு நடுத்தரம், நீலம் பெருசு. விரல் நுனில தொங்கினா கத்தி அதுல மாட்டும், பெடியன் எரிச்சல்பட்டு ரெண்டாம் நாளே கழட்டி ஆணில கொழுவிடுவான். உள்ளுக்கு மெல்லிசா பருத்திக் கிளவ்ஸ் போடுங்க, வேர்வைய அது குடிக்கும்.

ரெண்டு இடத்துல இதை நம்பாதீங்க. ஒண்டு மன்னாக் கத்தியால, அந்த எலும்பு கொத்துற பெரிய கத்தியால கொத்தேக்க. வளையம் வெட்டைத் தடுக்கும், அடிய தடுக்காது, விரல் எலும்பு உள்ளுக்குள்ள நொறுங்கும். மற்றது உங்கட மிஷின். பேண்ட் சோ ஓடேக்க ஸ்டீல் கிளவ்ஸ் போடவே கூடாது, பல்லு வளையத்தைக் கவ்விச்செண்டா கையோட சேத்து இழுத்திடும். அதுக்கு கிளவ்ஸ் இல்ல மருந்து, இறைச்சியத் தள்ளுற தட்டும், பிளேட்டுக்கு மேல இறக்கி வைக்கிற காவலும் தான். அது ரெண்டும் இல்லாம மிஷினை எடுக்காதீங்க.

கட்டைக் கத்தி:
30 வருசமா வெறும் கையோட வெட்டுறன், ஒண்டும் நடக்கல்ல. கத்தி நல்லா தீட்டியிருந்தா போதும். மொட்டைக் கத்தி தான் வழுக்கும். இரும்புக் கிளவ்ஸப் போட்டா இறைச்சிட பிடிமானமே தெரியாது, வேலை பாதி தான் ஓடும்.

கிண்ணியா நானா:
கட்டைக் கத்தி அண்ணே, தீட்டுற கதை நூறு வீதம் சரி, அதை நான் விட்டது பிழை. மொட்டைக் கத்திக்கு ஆள் அழுத்துவான், அழுத்தினா வழுக்கும். பிடிமானம் தெரியாதெண்டதும் முதல் கிழமைக்கு உண்மை தான். ஆனா எனக்கும் ஒம்பது வருசம் ஒண்டும் நடக்கல்ல. பத்தாம் வருசம், நோன்பு நேரம், பின்னேரம், ஒரு நிமிசத்துக்குக் கிளவ்ஸக் கழட்டினன் போன் எடுக்க, திரும்பப் போடல்ல. இண்டைக்கும் என்ட இடது சுட்டுவிரல் நுனி மரத்துத் தான் இரிக்கு, தேத்தண்ணிக் கோப்பை சுடுதா இல்லையா எண்டு மற்ற விரலால தான் பாப்பன்.

தம்பி, ஏப்ரன் கேட்டீங்க. நாள் முழுக்க கத்திய தன்ட பக்கம் இழுத்து வேலை செய்றவனுக்குத் தான் ஸ்டீல் ஏப்ரன், கத்தி தவறினா வயிறும் தொடையும் தான், தொடைல பெரிய ரத்தக்குழாய் அறுந்தா ஆஸ்பத்திரி போய்ச்சேர நேரம் இரிக்காது. சின்னக் கடைக்கு அந்தப் பாரம் வெயில்ல சரிவராது. தொடைய கொக்கில தூக்கிக் கொழுவி மேலிருந்து கீழ கழட்டப் பழக்குங்க, கத்தி உடம்புக்கு நேர வராது. மேலுக்கு சாதாரண பி.வி.சி. ஏப்ரன் போதும்.

கழுவுறது: முதல்ல பச்சைத்தண்ணி. எடுத்த எடுப்பில சுடுதண்ணி ஊத்தினா ரத்தம் வெந்து வளையத்துக்குள்ள ஒட்டிக்கும். பிறகு சோப், பிரஷ், பிறகு சுடுதண்ணி, பெரிய கூடங்கள்ல கத்திக்கு 82 பாகை வெப்பம் வைப்பாங்க. குளோரின்ல இரவு முழுக்க ஊறப்போட்டா ஸ்டீலும் பொட்டுப்பொட்டா அரிக்கும், நம்மட கடல் காத்து வேற.

வாட்டு மிஸ்ஸி:
தம்பி, கிளவ்ஸ் கதை நல்லா போகுது, நான் காயத்தைப் பத்திச் சொல்றன். வெட்டுப்பட்ட உடன கோப்பித்தூள், மஞ்சள் வைக்க வேணாம், அதைக் கிளறி எடுக்கிறதே எங்களுக்கு பெரிய வேலை. ஓடுற தண்ணில சோப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. ஏற்பு ஊசி (டெட்டனஸ் ஊசி) கடைசியா எப்ப போட்டது எண்டு மூண்டு பேரிட்டயும் கேட்டு எழுதி வையுங்கோ, ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

எலிக்காய்ச்சல் வயல்காரருக்கு மட்டும் எண்டு இஞ்ச சனம் நினைக்குது. மாடு ஆட்டிட சிறுநீர்லயும் அந்தக் கிருமி இருக்கலாம், சிறுநீரகம் வெட்டுற கைல சின்னக் கீறல் இருந்தாலே போதும். காய்ச்சலோட கெண்டைக்கால் உளைஞ்சு கண்ணும் சிவந்தா, இறைச்சிக்கடைல வேலை எண்டு டொக்டரிட்ட முதல் வசனமே சொல்லோணும். பி.எச்.ஐ.ட்ட, அதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட கதைச்சுப் பாருங்கோ, ஆபத்துள்ள ஆக்களுக்கு டொக்சிசைக்கிளின் குடுக்கிறவை, பாமசில நீங்களா வாங்கிப் போட வேணாம். பிளாஸ்டர் நீல நிறத்தில வாங்குங்கோ, கழண்டு இறைச்சிக்குள்ள விழுந்தா கண்ணுக்குத் தெரியும்.

மீன்வாடி:
நான் மீன் வெட்டுற ஆள், ஆனா கால் எல்லாருக்கும் ஒண்டு தானே. பாட்டாவ இண்டைக்கே தூக்கிப் போடுங்கோ. வெள்ளைக் கம் பூட்ஸ் வாங்குங்கோ, எஸ்4 எண்டு போட்டிருந்தா முன்னுக்கு இரும்பு மாதிரி கட்டித் தொப்பி இருக்கும், கத்தி விழுந்தாலும் விரல் தப்பும். மழைக்குப் போடுற கறுப்பு ரப்பர் பூட்ஸ் சரிவராது, கொழுப்புப் பட்டுப்பட்டு ரப்பர் ஊதி வழுக்கத் தொடங்கும், பி.வி.சி. பரவால்ல. ரெண்டு சோடி வைச்சு மாத்தி மாத்திப் போட்டாத் தான் விரலிடுக்கு அவியாது. கத்தி கைதவறி விழுந்தா பிடிக்கப் போகாதேங்கோ, காலை எடுத்திட்டு விழ விடுங்கோ.

மூன்றாம் கட்டை:
எல்லாருக்கும் பெரிய நன்றி. பேண்ட் சோக்கு ஸ்டீல் போடக் கூடாதெண்டது தெரியாமப் போயிருந்தா நானே அவனுக்குப் போட்டு விட்டிருப்பன், நினைக்க வயித்தைக் கலக்குது.

சிவப்புப் பட்டி ஸ்டீல் ஒண்டும் நீலம் ஒண்டும் கொழும்பில சொல்லியாச்சு, கோழிக்காரனுக்கு டி எழுத்து போட்ட துணி. பூட்ஸ் மூண்டு பேருக்கும் வந்திட்டு. மூத்தவர் மட்டும் ஒரு நாள் போட்டுப் பாத்திட்டு இது ஆஸ்பத்திரி சப்பாத்து மாதிரிக் கிடக்கெண்டு சொல்லி மூலைல வைச்சிட்டார், திரும்ப கதைக்கோணும். மிஷின் வந்தது, நானா சொன்ன காவலும் இல்ல, தள்ளுற தட்டும் இல்ல. வித்த ஆளிட்ட கேட்டா அதெல்லாம் ஒருத்தரும் பாவிக்கிறேல்ல எண்டு சிரிக்கிறார். பிளக்கை வெட்டி எடுத்து லாச்சிக்குள்ள பூட்டி வைச்சிருக்கிறன். சின்னவனுக்கு வியாழக்கிழமை தையல் வெட்டுறாங்க.