மறு: களவமுக்கமானம் – 'மிடற்றலைப் பதிவு' என்று சொல்லலாமா?

அன்பின் நண்பர்களுக்கு,

விழுங்கும்போது உணவுக்குழாய்த் தசை எப்படிச் சுருங்குகிறது என்று அளக்கும் பரிசோதனைக்கு (esophageal manometry) நம் குழுவில் ஐயா முன்வைத்த 'களவமுக்கமானம்' இலக்கணப்படி சரி. களமும் அமுக்கமும் எங்கள் இலங்கைப் பாடப்புத்தகச் சொற்கள். தமிழகத்தார் உணவுக்குழாய், அழுத்தம் என்பார்கள். ஆனால் இது நோயாளியின் கையில் கொடுக்கும் தாளில் வரப்போகிற சொல். புணர்ந்ததும் முன்னால் 'களவு' வந்து நிற்கிறது. அதைவிட அமுக்கம்தான் எனக்கு உறுத்துகிறது.

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் போன வருடம் சோறு நெஞ்சுக்குள் நிற்கத் தொடங்கியது. கமரா விட்டுப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். துண்டில் 'அமுக்கப் பரிசோதனை' என்று இருந்தது. இரவு ரயிலில் பெரியம்மா திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "தொண்டையைப் பிடிச்சு அமுக்குவாங்களோ?"

உண்மையில் நடப்பது வேறு. மூக்குக்குள் விறைக்கிற ஜெல் பூசி, ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழலை இரைப்பை வரை விடுவார்கள். பரவலாகப் பாவிக்கும் குழலில் 1 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 36 உணரிகள் இருக்கும். தசை சுருங்கும் விசையை அவை அளக்கும், அவ்வளவுதான். மயக்க மருந்து தசையின் அசைவை மாற்றிவிடும் என்பதால் ஆள் விழித்தபடியே இருக்க வேண்டும். படுத்தபடி 5 மில்லிலீற்றர் தண்ணீர், 10 தடவை. இடையில் அரை நிமிடமாவது எச்சில்கூட விழுங்கக் கூடாது. அவசரப்பட்டு விழுங்கினால் முந்திய மிடறு எழுப்பிய தசையலை பாதியில் அடங்கிவிடும்.

குழல் உள்ளே போனதைவிட இந்தக் காத்திருப்புத்தான் பெரியம்மாவை வாட்டியது. கண்ணால் நீர் வடிய, கட்டில் விரிப்பை இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் நின்ற தாதி, "இன்னும் நாலு முடறுதான் அம்மா" என்று எண்ணத் தொடங்கினார். மூன்று என்றபோது விரிப்பிலிருந்து கை தளர்ந்தது.

மிடற்றலை என்ற சொல் எனக்கு அங்கேதான் கிடைத்தது. ஒரு மிடறு தண்ணீர், அது எழுப்பும் அலை, அதன் பதிவு. பெயரைக் கேட்டதுமே செய்ய வேண்டியது விளங்கிவிடும், பத்தோடு முடியும் என்று எண்ணவும் வரும். மிடறு தொண்டையல்லவா, நீலமிடற்றன் என்கிறோமே என்று கேட்பீர்கள். களத்துக்கும் அகராதியில் கழுத்து என்ற பொருள் உண்டே! மருத்துவக் குறிப்பில் ஐயாவின் சொல்லைப் பிரித்துக் 'கள அமுக்க அளவீடு' என்று வைத்துக்கொள்வோம்.

குழலுக்கு 'உணரியிழை' என்று தங்கை ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் மூக்கில் நுழையும்போது அது இழைபோல இருக்காது. நம்பி வந்தவருக்கு நாம் பொய் சொன்னதாகிவிடும். உணரிக்குழல் போதும்.

அப்புறம் ஒன்று. மிடறு எங்கள் வீட்டுப் பேச்சில் முடறு. மூதூர், கிண்ணியா, மட்டக்களப்புப் பக்கம் எப்படிச் சொல்கிறீர்கள்? தாளில் 'மிடறு' என்று அச்சடித்தால் உங்கள் ஊர் வயதானவர்களுக்கு உடனே பிடிபடுமா? வீட்டில் வாசித்துக் காட்டிவிட்டு எழுதுங்கள்.