பழைய வியாபாரி வில்லைகள்: தேடிப் போனவர்கள் சொல்லுங்கள்

செங்கோட்டைப் பேரன்
ஆச்சியின் வெற்றிலைப் பெட்டி அடியில் ஒரு வில்லை கிடந்தது, வியாபாரிகள் காசு போலவோ அடையாளமாகவோ அடித்துக் கொடுத்த உலோகத் துண்டு. பித்தளை, மேலே ஓட்டை, ஒரு பக்கம் 37, மறுபக்கம் மலையாளத்தில் இரண்டு எழுத்து. எந்தக் கடை என்று கேட்டுக் கேட்டு ஆரியங்காவு, தென்மலை தாண்டிப் புனலூர் சந்தைக்கே போய்விட்டேன். அங்கே ஒரு பெரியவர், எண்பதுக்கு மேல், பார்வை மங்கல். வில்லையை வாங்கி ஓட்டையின் ஓரத்தைப் பெருவிரலால் தடவினார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நீண்டிருந்தது, அதுவரை நான் கவனித்ததே இல்லை. "கம்பியிலே கோத்தது. மூட்டைக்கு ஒண்ணு" என்றார். சொல்லிவிட்டுத் தானாகவே தோளைச் சாய்த்தார், யாரோ பின்னாலிருந்து மூட்டை ஏற்றுகிற மாதிரி. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். கடைப் பெயரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த மாதம் போனபோது அவர் உயிரோடு இல்லை. ஆச்சி மூட்டை தூக்கினாளா? வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

குமுளி
ஒருவர் சொன்னதை வைத்து முடிவு கட்டாதீர்கள் தம்பி. எங்கள் ஏலத்தோட்டத்தில் வில்லை கொடுத்தால் அரிசி, கருவாடு கிடைக்கும், அந்த ஒரு கடையில் மட்டும். சிறுவயதில் அம்மாவோடு வேறு கடைக்குப் போனேன். நீட்டிய வில்லையைக் கடைக்காரர் தெருவில் வீசினார். அம்மா சாக்கடை ஓரம் தேடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உங்களுடையதும் கடை வில்லைதான்.

பாலக்காடு
அக்கா, மன்னிக்கவும், அதையும் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. தனியார் உலோகத் துண்டைப் பணமாகப் புழங்கவிடக் கூடாது என்று 1889-லேயே பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டம் வந்தது. புனலூர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம், பிரிட்டிஷ் இந்தியா இல்லை. அங்கே நாணயக் கணக்கே வேறு: 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். பண வில்லை என்றால் மதிப்பு போட்டிருக்கும். 37 என்பது மதிப்பாகத் தெரியவில்லை, ஆள் எண்ணாகவோ வரிசை எண்ணாகவோதான் இருக்கும். ஓட்டை இருப்பதை மட்டும் நம்பவும் வேண்டாம், 1943-லிருந்து சர்க்காரே ஓட்டைக் காலணா அடித்தது. கொழும்பு காப்பி ஆலைகளும் 19-ஆம் நூற்றாண்டில் சொந்தமாக வில்லை அடித்தவைதான். நம் பக்கத்து ஆட்கள் அங்கே போய் வந்தவர்கள், பெட்டியில் அதுவும் கிடக்கலாம். ஆனால் அதில் மலையாள எழுத்துக்கு வேலை இல்லை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நான் ஒன்றைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன், எழுத்து மொத்தமும் போயிற்று. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து உரசுங்கள், கண்ணுக்குத் தெரியாத கோடும் ஏறும். விட்டத்தையும் எடையையும் எழுதி வையுங்கள். அப்புறம் பழைய மண்டிக் குடும்பங்களிடம் வில்லையைக் காட்டாமல், முதலில் அவர்கள் சாக்கில் போட்ட குறி என்ன என்று கேளுங்கள். காட்டிவிட்டால் எல்லாரும் "எங்களுடையதுதான்" என்பார்கள்.

செங்கோட்டைப் பேரன்
அண்ணாச்சி, உரசிப் பார்த்தேன். இரண்டு எழுத்து இல்லை, மூன்று. மூன்றாவது ஓட்டைக்குக் கீழே பாதி அழிந்திருக்கிறது, 'பு' மாதிரி தெரிகிறது. குமுளி அக்கா, உங்கள் அம்மா முடிந்துவைத்த வில்லை இப்போதும் இருக்கிறதா? அதன் ஓட்டை எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?