கிளப்புக்குள் போன கதை, வாசலோடு திரும்பிய கதை

உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப்புகளில் உங்கள் அனுபவம் என்ன என்ற கேள்விக்கு நான்கு பேர் சொன்னவை.

உறுப்பினரான மாமாவின் விருந்தாளியாக சென்னையின் மெட்ராஸ் கிளப்பில் ஒரு மதியம் சாப்பிட்டிருக்கிறேன். சாப்பாட்டைவிட அந்த வீடுதான் மனசில் நின்றது. அடையாறு ஆற்றை ஒட்டி, குவிமாடத்தோடு, 1790களில் ஜார்ஜ் மௌப்ரே என்ற அதிகாரி கட்டிக்கொண்ட தோட்ட வீடு. டிடிகே சாலைக்கு முன்பு மௌப்ரேஸ் ரோடு என்று பெயர் இருந்ததே, அது இவரால்தான்.

ஆனால் 1832ல் கிளப் தொடங்கியது இங்கே இல்லை. மவுன்ட் ரோடு பக்கம், இப்போது எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் இருக்கிறதே, அந்த வளாகத்தில். அங்கே பெண்களுக்கு இடமில்லை. அதனால் பெண்களையும் சேர்த்துக்கொள்ளும் அடையாறு கிளப் 1890ல் தனியாகக் கிளம்பி, மௌப்ரே வீட்டுக்குக் குடிவந்தது. 1963ல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பெண்களை விடாத கிளப்பின் பெயர் மிஞ்சியது, விட்ட கிளப்பின் வீடு மிஞ்சியது! இந்தியர்களை உறுப்பினராக்கவோ, சுதந்திரம் கிடைத்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதே மவுன்ட் ரோட்டில் நம்மவர்களுக்கென்று காஸ்மாபாலிடன் கிளப் 1873லேயே வந்துவிட்டது.

நான் பர்ஸை எடுத்தேன், பரிமாறிய பேரர் கண்டுகொள்ளவே இல்லை. பில்லில் மாமாதான் கையெழுத்துப் போட்டார்.

*

நீங்கள் கொடுத்துவைத்தவர். எங்களை ஒரு கிளப்பில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். நண்பன் காலர் இல்லாத டீ-ஷர்ட், நான் செருப்பு. பேர் வேண்டாம், எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே விதிதான்.

2014ல் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்தது ஞாபகம் இருக்கும். நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே உள்ளே விடவில்லை. சட்டசபையில் பெரிய சத்தம். அடுத்த மாதமே சட்டம் வந்தது: வேட்டி கட்டியவரைத் தடுத்தால் கிளப்பின் உரிமம் போகும், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். சரி, வேட்டிக்கு நியாயம் கிடைத்தது. நண்பனின் டீ-ஷர்ட்டுக்கு எந்தச் சட்டமும் வரப்போவதில்லை.

*

வசதிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? நீச்சல் குளம், டென்னிஸ், நூலகம், சீட்டாட்ட அறை எல்லாம் இருக்கும்தான். என் கணக்கில் பெரிய லாபம், வெளியூர் கிளப்புகளோடு இருக்கும் அஃபிலியேஷன். உங்கள் கிளப் கார்டைக் காட்டி அங்கே ரூம் எடுக்கலாம்.

அண்ணன் புண்ணியத்தில் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையைப் பார்த்தேன். பில்லியர்ட்ஸ் மேஜையில் ஆடும் ஸ்னூக்கர் 1875ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் பிறந்தாலும், விதிகளை எழுதி மாட்டியது இந்த அறையில், 1880களில். கண்டுபிடித்தவர் நெவில் சேம்பர்லின். பிற்பாடு பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள். நானும் அங்கே வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

*

எங்கள் அப்பா ஒரு கிளப்பில் பேரராக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கு எத்தனை ஐஸ், யாருக்கு எந்த மூலை நாற்காலி, எல்லாம் மனப்பாடம். பாக்கி கட்டாதவர்களின் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்களாம். ஊரே அண்ணாந்து பார்க்கும் ஆட்கள் அதில் இருப்பார்கள் என்பார். யார் என்று கேட்டால் மட்டும் இன்றுவரை வாயைத் திறக்கமாட்டார்.