பட்டாளத்துப் பெரியவர்கள்: உங்களால் மறக்க முடியாத ஒரு தருணம்

கணியம்பாடிப் பேரன்:
கம்மவான்பேட்டையைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர். எங்கள் ஊர் அதற்குப் பக்கம். தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படை. 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரில், எல்லையோர ஷகர்கர் முனையில், பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி புதைத்த நிலத்தில் டாங்கிகளுக்கு வழி திறந்த பிரிவில் இருந்தவர். அருண் கேத்ரபால் பரம்வீர் சக்ரா பெற்ற சண்டை என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த டாங்கிகள் போவதற்கு வழி எடுத்தவர்களைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

பொங்கலுக்கு முன் பனங்கிழங்குப் பாத்தியைத் தோண்டிக்கொண்டிருந்தோம். சித்தப்பா மகன் கடப்பாரையை ஓங்கி நேராகக் குத்தினான். கட்டிலில் படுத்திருந்த தாத்தா, "நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே எழுந்து வந்தார். அப்போது அவருக்கு எண்பது வயது. மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஈர மண்ணில் குப்புறப் படுத்துவிட்டார். கம்பியைச் சாய்வாக, விரலால் தள்ளுவது போல அவ்வளவு மெதுவாக உள்ளே விட்டார். முனையில் ஏதோ தட்டியதும் கம்பியை அப்படியே விட்டுவிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணை விரல்களால் வாரி எடுத்தார். "மேலிருந்து அழுத்தக் கூடாது. பக்கத்திலிருந்து தொடு" என்றார். கிழங்கு வேர் அறாமல் வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு முழங்கையை ஊன்றி ஒரு சாண் முன்னே நகர்ந்தார். பாட்டி கூப்பிட்டும் எழவில்லை. பாத்தி முடியும்வரை அப்படியேதான் போனார்.

அன்றும் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்காததுதான் சரி என்று நினைக்கிறேன். பேசாமல் இருப்பது அவர்களுடைய உரிமை.

ஓய்வு பெற்ற காசாளர், திண்டுக்கல்:
முன்னாள் ராணுவத்தார் நிறையப் பேர் எங்கள் கிளையில்தான் ஓய்வூதியம் வாங்கினார்கள். அவர்களில் ஒரு ஹவில்தார் மட்டும் மாதம் தவறாமல் மனைவியையும் அழைத்துக்கொண்டு வருவார். வந்ததும் பணம் எடுக்கும் படிவத்தை அந்த அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றுவிடுவார். அந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுதத் தெரியும். நான் உதவப் போனால், "வேண்டாம் சார், அவளே எழுதட்டும்" என்பார்.

ஒரு நாள் அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கூடம் முழுக்க ஆட்கள் நிற்கும்போதே, "நீங்கள் போய்விட்டால் எனக்கு எதற்கு இந்தப் பணம்? ஊரார் பார்க்க என்னை விதவையாக்கிப் பழக்குகிறீர்களா?" என்று படிவத்தைக் கிழித்து மேசையில் போட்டார். ஹவில்தார் மறுபேச்சுப் பேசவில்லை. படிவக் கட்டிலிருந்து இன்னொன்றை உருவி, கிழிந்த துண்டுகளை ஒதுக்கிவிட்டு, மனைவியின் முன்னால் வைத்தார். பேனா மூடியைத் திறந்து கையில் கொடுத்தார். அந்த அம்மா அழுதுகொண்டே கணக்கு எண்ணை எழுதினார். ஒரு எண்கூடத் தவறவில்லை.

இப்படிக் குடும்பம் நடத்திய மனிதரை நான் வேறு பார்த்ததில்லை. பணியில் இருந்த வருடங்களில் வீட்டில் இருந்ததே ஆண்டுக்கு இரண்டு மாத விடுப்பில்தான் என்று ஒருமுறை சொன்னார். மிச்சத்தையெல்லாம் சேர்த்து அந்த மேசையருகே ஈடுகட்டினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுபேதார் மகன்:
திண்டுக்கல் ஐயா எழுதியதைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா இறந்தபின் ஓய்வூதிய ஆணையில் அம்மா பெயர் 'லட்சுமி', ஆதாரில் 'மகாலெட்சுமி' என்று இருந்ததால் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றது. என் கதை அவ்வளவுதான். ஆனால் இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து இன்றே எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

டிஸ்சார்ஜ் புத்தகம் (படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்தது), ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம் நான்கிலும் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் பெரியவர் இருக்கும்போதே அவருடைய படைப்பிரிவின் ஆவணப் பதிவு அலுவலகத்துக்கு எழுதித் திருத்திவிடுங்கள். அவர் கையெழுத்து இருந்தால் வேலை சுலபம். கணக்கைக் கணவன் மனைவி கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம்தான் என்பதை அம்மாக்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பாதிச் சம்பளம் அப்படியே வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். 80 வயது முடிந்தால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40. வயது பதிவாகாமல் அது விட்டுப்போன வீடுகள் உண்டு. வாழ்நாள் சான்றுக்கு விரல் ரேகை விழவில்லை என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள்; முகத்தைக் காட்டியே கைபேசியில் பதியலாம், தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்தும் பதியலாம். முன்னாள் படைவீரர்களுக்கான இசிஹெச்எஸ் மருத்துவத் திட்ட அட்டை மனைவிக்குத் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் புரியவில்லை என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நேரில் போங்கள். போகும்போது நகல்களுடன் மூலத்தையும் எடுத்துப் போங்கள்.

பரமக்குடி:
கணியம்பாடி நண்பர் சொன்ன 'பேசாமல் இருக்கும் உரிமை' எல்லோருக்கும் நிம்மதி தருவதில்லை. என் பெரியப்பா இலங்கைக்குப் போன இந்திய அமைதி காக்கும் படையில் யாழ்ப்பாணத்தில் இருந்தார். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தபோது வரவேற்க முதலமைச்சர் வரவில்லை என்பது ஊரறிந்த செய்தி. பெரியப்பா அதற்காக வருத்தப்பட்டதில்லை. அவர் மனதில் கிடந்தது வேறு.

ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில், பாம்பன் பாலத்தில், கேட்காமலே சொன்னார். தமிழ் தெரிந்தவர் என்பதால் அவரைச் சோதனைச் சாவடியில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு கிழவி வந்து முகத்தையே பார்த்துவிட்டு, "தம்பி, நீ தமிழ்ப் பிள்ளையோ?" என்று கேட்டாராம். இவர் இந்தியில், "ஆகே சலோ" (முன்னே போ) என்றாராம். ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்டேன். "தமிழன் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி கேட்டிருப்பாள்" என்றார். பிறகு இறங்கும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். பேத்திக்கு வாங்கிய சங்கு வளையலைக்கூடப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினார். நான்தான் எடுத்து வந்தேன்.

ஏறத்தாழ 1,200 வீரர்கள் அங்கே மாண்டார்கள். அவருடைய பிரிவிலும் உண்டு. அவரைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை.

கோகுவில் பெண், டொரொன்டோ:
பரமக்குடி அண்ணா, அந்த அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். என் அம்மம்மா அதே கேள்வியுடன் காவலரண் காவலரணாக நடந்தவர். 1987 ஒக்டோபரில் மாமாவை இந்திய ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்க, விளங்கிக்கொள்ளக்கூடிய ஒருவர் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அந்தத் தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் வைத்தியர்களும் தாதியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு பச்சை உடுப்பைக் கண்டாலே சனம் ஒதுங்கும். அப்படியிருந்தும் ஒரு கிழவி கிட்டப் போய்த் "தம்பி" என்று கூப்பிட்டாள் என்றால், எவ்வளவு நம்பிக்கையைத் திரட்டிக்கொண்டு போயிருப்பாள்?

மாமா பத்து நாளில் திரும்பி வந்துவிட்டார். அம்மம்மாவின் கதை நல்லபடியாக முடிந்தது. உங்கள் பெரியப்பாவிடம் கேட்ட அந்த அம்மாவின் கதை எப்படி முடிந்தது?

கணியம்பாடித் தம்பி, மௌனம் உரிமை என்று நீங்கள் எழுதியது உங்கள் தாத்தாவுக்குப் பொருந்தலாம். அவர் தேடியது வெடி. அங்கே யாரும் பதிலுக்காகக் காத்து நிற்கவில்லை. இங்கே ஒருத்தி நின்றாள். இரண்டையும் ஒரே சொல்லால் மூட வேண்டாம்.

கணியம்பாடிப் பேரன்:
அக்கா, நான் எழுதியது எங்கள் வீட்டைப் பற்றி மட்டும். ஆனால் தாத்தாவுக்கு முன்னால் வழி எடுத்துப் போனவர்களில் எல்லோரும் திரும்பவில்லை. அவர்களுடைய வீட்டாரும் எங்கோ பதிலுக்காகக் காத்திருந்திருப்பார்கள் என்பதை உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் நினைக்கிறேன். டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. கடைசி நேரம் எப்படி இருந்தது என்று அந்தக் கல் சொல்லாது. கூட இருந்தவர்தான் சொல்ல வேண்டும்.

பரமக்குடி:
கோகுவில் தங்கைக்கு: உங்கள் பதிவைப் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். நியாயம் கற்பிக்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டார். சொன்னதும், தான் நின்றது சுன்னாகம் பக்கம் என்றார். அந்த அம்மா சாம்பல் நிறச் சேலை கட்டியிருந்தார், கையில் ஒரு பள்ளிக்கூடப் புகைப்படம் வைத்திருந்தார், அதைக் காட்டுவதற்குள் தான் கையை அசைத்துப் போகச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். புகைப்படத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் இதுவரை தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாது. உங்களுக்குச் சம்மதம் என்றால் அவர் உங்களிடம் பேசுவதாகச் சொல்கிறார்.

கோகுவில் பெண், டொரொன்டோ:
பேசுகிறேன். என் அம்மாவும் பக்கத்தில் இருப்பார். அவர் கோபமாகத்தான் பேசுவார், அதற்கு உங்கள் பெரியப்பா ஆயத்தமாக இருக்க வேண்டும்.

சுபேதார் மகன்:
பேசுவதென்றால் காலை நேரத்தில் பேசுங்கள். வயதானவர்களுக்கு மாலையில் காதும் மனமும் சோர்ந்துவிடும். பரமக்குடி நண்பரே, அவர் சொல்வதை அவருடைய அனுமதியுடன் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். இடம், மாதம், பிரிவு மூன்றையும் தனித் தாளில் எழுதி டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் வையுங்கள். பெரியம்மாவையும் அருகில் உட்கார வையுங்கள்.