1874 'ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்': மேடைப் பிரதி எங்கே கிடைக்கும்?

வணக்கம். ஷெரிடனின் இந்த நகைச்சுவை நாடகம் 1777-ல் லண்டன் டிரூரி லேன் தியேட்டரில் அரங்கேறியது. நான் தேடுவது 1874-ல் லண்டன் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தியேட்டரில் நடிகர்களான பேன்க்ராஃப்ட் தம்பதி அதை மறுபடி மேடையேற்றியபோது பயன்படுத்திய பிரதியை. மரீ பேன்க்ராஃப்ட்தான் லேடி டீசில் வேடத்தில் நடித்தார். எந்த வசனத்தை வெட்டினார்கள், காட்சிகளை எப்படி அடுக்கினார்கள் என்று தெரியாமல் என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் அப்படியே நிற்கிறது.

அன்று நாடகங்களுக்கு உரிமம் தந்த லார்ட் சேம்பர்லின் அலுவலகத்தின் பிரதித் தொகுப்பில் பார்த்தேன், இல்லை. உரிமத்துக்குப் புது நாடகங்களைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பழசைத் திரும்பப் போட்டால் பிரதி தரத் தேவையிருக்கவில்லை. தம்பதியின் 1888 நினைவுக் குறிப்பில் அரங்க அலங்காரம், புதிதாகச் சேர்த்த மினுவெட் நடனம் எல்லாம் வருகிறது. வசனம் பற்றிப் பேச்சே இல்லை. அன்றைய பத்திரிகை விமர்சனங்களும் நடிப்போடும் உடையோடும் நின்றுவிடுகின்றன.

அச்சுப் பதிப்புகளை வைத்து ஊகிக்கவும் வழியில்லை. ஷெரிடன் தன் பொறுப்பில் ஒரு பதிப்பை வெளியிடவே இல்லை. கிடைப்பவை ஒன்றுக்கொன்று மாறுகின்றன. ஒளிந்திருக்கும் மறைப்புத் தட்டி விழுந்து லேடி டீசில் பிடிபடும் இடம் எனக்கு மிக முக்கியம். அதற்குப் பிறகு அவள் பேசுவதில் எவ்வளவு மேடையில் மிஞ்சியது என்பதில்தான் என் வாதமே இருக்கிறது.

லண்டன் போக வசதியில்லை, ஸ்கேன் போதும்.

1874 மேடையேற்றத்தின் பிராம்ப்ட் புக் (வெட்டுகளும் மேடைக் குறிப்புகளும் எழுதிய அரங்கப் பிரதி), அல்லது நடிகர் குறிப்பெழுதிய பிரதி, எந்த நூலகத்தில் இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?