‘அட்யூஸ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் தீர்ப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் யாராவது உதவுங்கள். சட்ட வகுப்பில் ‘அட்யூஸ்’ (adduce) என்ற ஆங்கிலச் சொல்லைச் சொல்லித்தர ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.

குத்தகை வழக்கில் அடங்கல் (நிலத்தில் யார் என்ன சாகுபடி என்று காட்டும் கிராமக் கணக்கு) நகலைக் கோர்ட்டில் கொடுத்தால் ‘புரொட்யூஸ்’. அந்த அடங்கலையும் பக்கத்து வயல்காரர் சாட்சியத்தையும், சாகுபடி தன்னுடையதுதான் என்பதற்கு ஆதாரமாக முன்வைத்தால் ‘அட்யூஸ்’. ‘டெட்யூஸ்’ என்பது ஆதாரத்திலிருந்து முடிவுக்கு வருவது. பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான், ஒலி அப்படி. இன்னொரு தப்பு, ‘அட்யூஸ்’ பின்னால் ‘தட்’ (that) போட்டு நீட்டுவது. சான்று, காரணம் மாதிரி பெயர்ச்சொல்தான் வரவேண்டும்.

‘சமர்ப்பித்தல்’ காகிதத்தோடு நின்றுவிடுகிறது. ‘சான்று காட்டுதல்’ பரவாயில்லை, ஆனால் வாய்மொழி சாட்சியத்துக்கு இடிக்கிறது. இரண்டுக்கும் பொருந்துகிற சொல் எதைப் புழங்குகிறீர்கள்? ஒரு வாக்கியத்தோடு எழுதுங்களேன்.